பானைக்கு வேர்க்கணும், செவுத்துக்கு வேர்க்கக் கூடாது

எங்க வீட்டு பாத்ரூம் வெளிச்செவுத்துல தரையிலேர்ந்து ரெண்டரை அடி உயரத்துக்கு பெயிண்ட் நிக்கவே நிக்காது. பொங்கலுக்கு அடிப்போம், ஆடி வர்றதுக்குள்ள பொரிஞ்சு உதிர்ந்துடும், கைய வச்சா வெள்ளையா மாவு மாதிரி ஒட்டும், நாக்குல வச்சா கரிக்கும். ஆமா வச்சு பாத்தேன், சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க. அதே வெள்ளை மாவு எங்க சமையல்கட்டு ஜன்னலோரம் இருக்குற தண்ணிப்பானைக்கு வெளிப்பக்கமும் படிஞ்சிருக்கும். தினமும் அந்த பானையில மொண்டு குடிக்கிறேன், தினமும் அந்த செவுத்த தாண்டி துணி காயப்போட போறேன், ரெண்டும் ஒரே விஷயம் தான்னு மண்டையில ஏற எனக்கு நாலு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள தண்டம் அழுததுல ஒரு நல்ல ஃபிரிட்ஜே வாங்கிருக்கலாம்.

நாங்க இருக்குறது குடியாத்தம். வீட்டுக்காரருக்கு ஆம்பூர்ல ஷூ கம்பெனி வேலை, ஷிப்ட்டு, அதனால 2018ல வீடு கட்டுனப்போ மேஸ்திரிகிட்ட மல்லுக்கு நின்னது, லோடு எண்ணினது, கட்டின செவுத்துக்கு தண்ணி ஊத்தினது எல்லாம் நானும் எங்க அத்தையும் தான். எனக்கு சிவிலும் தெரியாது ஒண்ணும் தெரியாது, பட்டு தெரிஞ்சுகிட்டத எழுதுறேன்.

மொதல்ல பானை கதை, ஏன்னா அங்க தான் விஷயமே இருக்கு. வீடு கட்டுறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, வாடகை வீட்டுல இருந்தப்போ, அக்னி நட்சத்திரத்துல ரோட்டோரம் அழகா பூ டிசைன் எல்லாம் போட்டு, பளபளன்னு வார்னிஷ் அடிச்சு, குழாய் வச்ச பானை ஒண்ணு வாங்கினேன். வேலூர் வெயில் உங்களுக்கு தெரியும், ஊர்ல இருக்குற மலை எல்லாம் பகல்ல சூடேறி ராத்திரி முழுக்க நம்ம மேல ஊதும். அந்த பானையில தண்ணி வச்சா காலையில வச்ச மாதிரியே சாயங்காலமும் இருக்கு, எவர்சில்வர் குடத்துக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்ல. எங்க அம்மா வீடு காட்பாடி பக்கம், அங்கேர்ந்து கரிகிரி கிட்ட தான். கரிகிரின்னா வெளியூர்காரங்களுக்கு தொழுநோய் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும், எங்களுக்கு பானை, கூஜா, கருப்பு சட்டி, யானை பொம்மை. அங்க அம்மாவுக்கு பழக்கமான ஒரு பெரியவர் இருக்காரு, அந்த பானையவே தூக்கிட்டு போய் அவர் முன்னாடி வச்சு என்ன தாத்தா இது சில்லுன்னே ஆக மாட்டேங்குதுன்னு கேட்டேன்.

அவரு பானைய பாத்துட்டு சிரிச்சாரு. "இன்னாம்மா இது, பானைக்கு மழைக்கோட்டு போட்டு இட்டாந்துக்கிறே. அதுக்கு வேர்க்க வழி எங்க கீது?" அப்படின்னு சொல்லிட்டு, பக்கத்துல கிடந்த உடைஞ்ச ஓட்டாஞ்சில்லு ஒண்ண எடுத்து, விரல முக்கி ஒரு சொட்டு தண்ணி விட்டாரு. சொட்டு விழுந்த இடம் ஒரு நொடி பளிச்சுன்னு ஈரமா இருந்துச்சு, அப்புறம் ஓரத்துலேர்ந்து சுருங்கி உள்ள போயிடுச்சு, காய்ஞ்ச நாக்கு மாதிரி. அதே விரலால என் பானை மேல ஒரு சொட்டு விட்டாரு, அது முத்து மாதிரி உருண்டு கீழ ஓடி என் புடவையில விழுந்துச்சு. அவ்ளோ தான் பாடம். இன்னைக்கும் நான் பானை வாங்க போனா கடைக்காரர் பாக்காத நேரம் விரல எச்சில் பண்ணி ஒரு தடவு தடவி பாத்துடுவேன், உறிஞ்சினா வாங்குவேன், இல்லன்னா எவ்ளோ அழகா இருந்தாலும் வேணாம்.

சுட்ட மண்ணுல கண்ணுக்கு தெரியாத பொடி ஓட்டை லட்சக்கணக்குல இருக்கு. உள்ள இருக்குற தண்ணி அது வழியா வெளிப்பக்கம் கசிஞ்சு காத்துல ஆவியாகுது, ஆவியாக சூடு வேணும், அந்த சூட்ட மிச்சமிருக்குற தண்ணிகிட்டேர்ந்து எடுத்துக்குது. 1 லிட்டர் தண்ணி அப்படி ஆவியாக கிட்டத்தட்ட 580 கிலோ கலோரி சூடு வேணும். 10 லிட்டர் பானை 10 டிகிரி குளிர 100 கிலோ கலோரி போதும், அதாவது கணக்குப்படி 200 மில்லி கூட வேர்க்க தேவையில்ல. வெளியிலேர்ந்து சூடு ஏறிக்கிட்டே இருக்கும்ங்கறதால நெஜத்துல கூட கொஞ்சம் போகும். என் தங்கச்சி சென்னையில இருக்கா, அவ அதே கரிகிரி பானைய வாங்கிட்டு போய் வேலூர் மாதிரி இல்லக்கான்னு குறை சொல்றா, தப்பு பானை மேல இல்ல, அங்க கடல் காத்துல ஏற்கனவே ஈரம் பிசுபிசுன்னு இருக்கு, பானை வேர்வைய வாங்கிக்க காத்துல இடமில்ல. நம்ம ஊரு வறண்ட காத்து, அது பானைக்கு வரம். அதனால பானைய மூலையில அடைச்சு வைக்காம, வெயில் படாம காத்து வர்ற ஜன்னலோரம், கீழ ஈர மணல் பரப்பி வைங்க.

அன்னிக்கு அவரு ஒரு பானைக்கு அடி போடுறத உக்காந்து பாத்தேன். சக்கரத்துல வர்றப்போ பானைக்கு அடியே கிடையாதுங்க, வாயும் கழுத்தும் தோளும் மட்டும் தான் வரும், நூல் வச்சு அறுத்து எடுத்துடுவாரு, அடியில பெரிய ஓட்டை. அது கொஞ்சம் இறுகினதும் மடியில போட்டு, உள்ள ஒரு கையில உருண்டை கல்லு, வெளிய ஒரு கையில தட்டுப்பலகை, டப் டப் டப்புன்னு தட்டி தட்டி, தடியா இருக்குற ஓரத்த மெலிசாக்கி இழுத்து இழுத்து அந்த ஓட்டைய மூடிடுறாரு. சாம்பல் அப்பப்போ தொட்டுக்கறாரு, பலகை ஒட்டாம இருக்க. கடைசில எங்க ஓட்டை இருந்துச்சுன்னே தெரியல. அப்படி தட்டுறதுல தான் சுவர் மெலிசா சீரா வருதாம், மெலிசா இருந்தா தான் நல்லா வேர்க்குமாம். அச்சுல அமுக்கி தடியா செய்யுற பானை ஏன் சுமாரா குளிருதுன்னு அன்னிக்கு புரிஞ்சுது.

அவர்கிட்ட இருந்தது சிவப்பும் உண்டு, கருப்பும் உண்டு. மண்ணு ஒண்ணு தான், ஏரி களிமண்ணு. காத்து நல்லா போற மாதிரி சுட்டா மண்ணுல இருக்குற இரும்பு சிவப்பா வரும், கடைசி கட்டத்துல காத்த அடைச்சு புகைய உள்ளேயே கட்டிப்போட்டா கருப்பாகிடும். நம்ம பக்கத்துல இது புதுசு இல்ல, திருப்பத்தூர் கிட்ட பையம்பள்ளியில (முன்னாடி எல்லாம் ஒரே வட ஆற்காடு தான், 2019ல தான் வேலூர் மூணா பிரிஞ்சுது) தொல்லியல் துறை தோண்டினப்போ புதிய கற்காலத்து பானை ஓடும் அதுக்கு அப்புறம் இரும்புக் காலத்து கருப்பு சிவப்பு ஓடும் கிடைச்சுது. உள்பக்கமும் வாய் ஓரமும் கருப்பு, வெளிய கீழ்ப்பக்கம் சிவப்பு, ஒரே பானையில ரெண்டு கலர்.

சமையல் சட்டிக்கு மட்டும் கதை உல்ட்டா. அங்க வேர்க்கவே கூடாது, வேர்த்தா குழம்பு எண்ணெய் எல்லாம் உள்ள இறங்கி நாறும். அதான் புது சட்டிய ஒரு நாள் தண்ணியில ஊற வச்சு, அரிசி கஞ்சிய ஊத்தி சிறு தீயில கொதிக்க வச்சு ஆற விடுவாங்க, ரெண்டு மூணு தடவை, கஞ்சி பசை ஓட்டைய அடைச்சுக்கும். சோப்பு போட்டு கழுவாதீங்க, அதையும் குடிச்சுட்டு அடுத்த மீன் குழம்புல கக்கும். உள்பக்கம் பளபளப்பு பூச்சு பூசின சட்டி, என்ன பூச்சுன்னு விக்கிறவருக்கே தெரியலைன்னா சமையலுக்கு வேணாம், சில மலிவு பூச்சுல காரீயம், அதாவது லெட், இருக்கும்.

சரி செங்கல்லுக்கு வர்றேன். மொத லோடு தையில வந்துச்சு, நல்ல கல்லு. பாத்ரூமும் காம்பவுண்டும் மிச்சம் இருந்தப்போ கல்லு தீந்துபோச்சு, அது கார்த்திகை மாசம், மழை. சேம்பர்காரர், அதான் செங்கல் சூளைக்காரர், ஒருத்தர் ஒரு கல்லுக்கு ஒரு ரூபாய் கம்மியா தர்றேன்னாரு, நானும் பல்ல இளிச்சுகிட்டு வாங்கிட்டேன். எங்க பக்கம் கல்லு அறுக்கிறது தை மாசத்துலேர்ந்து வெயில் காலம் முடியுற வரைக்கும் தான், பச்சைக்கல்லு வெட்டவெளியில காயணும், விறகும் காய்ஞ்சு இருக்கணும். மழை மாசத்துல மலிவா வர்ற கல்லு பெரும்பாலும் சூளையோட ஓரத்துல மேலாக்குல இருந்த அரைவேக்காடு. எனக்கு அப்போ தெரியாது. பாத்ரூம் செவுரு நாலு அடி ஏறினப்புறம் எங்க அத்தை ரெண்டு கல்ல எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டிட்டு, "ஏம்மா, இது டொக்குங்குது. மொதல்ல வந்தது டங்குன்னுச்சே"ன்னாங்க. அத்தை பள்ளிக்கூடம் போனவங்க இல்ல, ஆனா சின்ன வயசுல கல்லறுக்க போனவங்க.

அன்னிக்கு ராத்திரி புதுக்கல்லு ஒண்ணு பழைய கல்லு ஒண்ணு பக்கெட்டுல தண்ணி ஊத்தி போட்டு வச்சோம். காலையில பாத்தா பழைய கல்லு அப்படியே இருக்கு, புதுக்கல்லோட முனை எல்லாம் மழுங்கி, தண்ணி செம்மண் குழம்பா இருக்கு, நகத்தால கீறினா வெண்ணெய் மாதிரி வருது. கரிகிரி பெரியவர் சொன்னது அப்போ தான் ஞாபகம் வந்துச்சு. வெயில்ல எத்தன நாள் காய்ஞ்சாலும் பச்சை மண்ணு தண்ணி பட்டா திரும்ப சேறு தான், சூளையில 500, 600 டிகிரி தாண்டினப்புறம் தான் மண்ணுக்குள்ளயே கட்டிப்போட்ட மாதிரி இருக்குற தண்ணி கழண்டு போகும், அதுக்கப்புறம் அது எந்த ஜென்மத்துலயும் சேறாகாது. செங்கல்லு நல்லா கெட்டியாக அதுக்கும் மேல நல்லா வேகணும். நான் வாங்கினது அந்த கோட்ட தாண்டியும் தாண்டாமலும் நின்ன கல்லு.

அப்புறம் தெரு முனை காய்கறிக்கடை தராசுல நிறுத்தேன், கடைக்கார அண்ணன் என்ன பைத்தியம் மாதிரி பாத்தாரு. காய்ஞ்ச கல்லு 2 கிலோ 800, ஒரு முழு நாள் ஊறினப்புறம் 3 கிலோ 500. 700 கிராம் குடிச்சிருக்கு, 25 சதவீதம். இந்திய தரக் கட்டுப்பாட்டுப்படி சாதாரண கட்டட செங்கல்லு 24 மணி நேரத்துல தன் எடையில 20 சதவீதத்துக்கு மேல குடிக்கக் கூடாது. பழைய கல்லு 3 கிலோ இருந்தது, 3 கிலோ 420 ஆச்சு, 14 சதவீதம். சேம்பர்காரருக்கு போன் போட்டேன், "மழைக்காலத்துல அப்படி தான் மேடம் வரும், எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க"ன்னாரு. கத்தி கித்தி மிச்சம் இருந்த கல்ல திருப்பி எடுத்துகிட்டாரு, ஏறின நாலு அடிய இடிக்க எனக்கு மனசு வரல, பூசினா சரியாயிடும்னு மேஸ்திரியும் சொன்னாரு. அந்த மனசு வராத நாலு அடி தான் இன்னைக்கு நான் நாக்குல வச்சு பாக்குற செவுரு.

கல்லு இறக்கும்போதே லாரியில மேல இருக்கறத பாக்காதீங்க, நடுவுலேர்ந்து பத்து கல்லு உருவச் சொல்லுங்க. தட்டி பாருங்க, ஒண்ண இடுப்பு உயரத்துலேர்ந்து தரையில போடுங்க, ரெண்டா போகக் கூடாது. ஒண்ண உடைச்சு உள்ள பாருங்க, ஒரே கலரா இருக்கணும், நடுவுல கருப்பா இருந்தா உள்ள வேகல. வெள்ளை வெள்ளையா புள்ளி இருந்தா அது சுக்கான், அதாவது சுண்ணாம்புக்கல்லு, சூளையில வெந்து சுட்ட சுண்ணாம்பா ஆயிடும், அப்புறம் எப்பவாவது ஈரம் பட்டா உள்ளேயே நீத்து பொங்கி பூச்சோட சேத்து பொடைச்சு தள்ளும். ரொம்ப வெந்து உருகி கோணிப்போன கல்லு தண்ணியே குடிக்காது, சிமெண்ட் கலவை அதுல புடிக்காது, அது ஜல்லிக்கு தான் லாயக்கு. இன்னொண்ணு, நல்ல கல்லா இருந்தாலும் கட்டுறதுக்கு முன்னாடி ஊற வைங்க. தொட்டியில போட்டதும் புஸ்ஸுன்னு கொப்புளம் விடும், அது நிக்கிற வரைக்கும் விடுங்க. காய்ஞ்ச கல்லு கலவையில இருக்குற தண்ணிய உறிஞ்சிடும், சிமெண்ட் இறுகாம சந்துல பொடியா நிக்கும். மேஸ்திரிங்க ஓஸ்ல ரெண்டு பீச்சு பீச்சிட்டு ஆச்சுன்னுவாங்க, ஆகல.

நடுவுல எங்க அம்மா வீட்ட பத்தி சொல்லணும், அது இல்லாம மாடி கதை புரியாது. அது நாட்டு ஓடு போட்ட வீடு. நாட்டு ஓடு எப்படி செய்வாங்க தெரியுமா, சக்கரத்துல ஒரு பக்கம் அகலமா ஒரு பக்கம் குறுகலா குழாய் மாதிரி இழுத்து, பச்சையா இருக்கும்போதே நீளவாக்குல ரெண்டு பக்கமும் கீறி விட்டு, காய்ஞ்சதும் தட்டினா ரெண்டு ஓடு. ஒண்ணு மல்லாக்க, ஒண்ணு கவுத்து, ரெண்டு மூணு அடுக்கு. நைனா, எங்க அப்பா, ஒவ்வொரு சித்திரையிலயும் ஏறி ஓடு மாத்துவாரு, நான் கீழேர்ந்து ஒவ்வொண்ணா எடுத்து குடுப்பேன், அவரு வாங்கறதுக்கு முன்னாடி விரலால சுண்டிப் பாப்பாரு, விரிசல் இருந்தா சத்தத்துலயே தெரியும், தூக்கி பின்னாடி போடுவாரு. மொத மழையில அந்த ஓடு தண்ணிய குடிச்சுட்டு வாசம் விடும் பாருங்க, அத எழுத எனக்கு வரல. மலையிலேர்ந்து வர்ற குரங்கு தான் எமன். நைனா போனப்புறம் ஏற ஆளில்ல, 2012ல ஓட்ட இறக்கிட்டு சிமெண்ட் ஷீட் போட்டோம். அந்த கோடையில அம்மா மத்தியானம் வீட்டுக்குள்ள இருக்கவே இல்ல, வேப்பமரத்தடியில தான் கட்டில். அவ்ளோ புத்திசாலித்தனம் எங்களுக்கு. பின்னாடி 2020ல ஷீட்ட எடுத்துட்டு சீமை ஓடு போட்டோம், வேலூர்ல இடிச்ச ஒரு பழைய வீட்டு ஓடு. மங்களூர்ல 1865ல பேசல் மிஷன்காரங்க நேத்ராவதி ஆத்து களிமண்ண வச்சு ஆரம்பிச்ச வகை, ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கும், அடுக்கு மேல அடுக்கு தேவையில்ல, குரங்கு ஆட்டினாலும் சீக்கிரம் நகராது. பழைய ஓடு வாங்க பயப்படாதீங்க, சுண்டிப் பாத்து வாங்கினா போதும், வேகாத ஓடா இருந்தா இத்தன வருஷ மழையில எப்பவோ கரைஞ்சிருக்கும். இறக்கின நாட்டு ஓட்ட அம்மா விக்க விடல, கொல்லையில அடுக்கி வச்சாங்க.

அடுத்து எங்க மாடி கதை. வீடு கட்டுனப்போ காங்கிரீட் போட்டாச்சு, மேல தட்டோடு, அதான் சுட்ட மண்ணு தட்டை ஓடு, போடணும். மேஸ்திரிகிட்ட அதுக்கு அடியில சுண்ணாம்பு ஜல்லி (உடைச்ச செங்கல்லு சுண்ணாம்புல கலந்தது) போடலாமான்னு கேட்டேன், "அதெல்லாம் இப்போ யாரு மேடம் போடுறா, அடிக்க ஆள் எங்க"ன்னுட்டு செங்கல் ஜல்லிய காயவே சிமெண்டுல கலந்து ஒன்றரை இஞ்ச் போட்டு, ஊற வைக்காத தட்டோட்ட மேல ஒட்டிட்டு போயிட்டாரு. வாட்டம் சரியில்ல, ஒரு பக்கெட் தண்ணி ஊத்தினா பாதி நடுவுலயே நின்னுச்சு. 2021 கார்த்திகை மழைய நம்ம ஊர்ல யாரும் மறந்திருக்க மாட்டீங்க, பாலாறு ரெண்டு கரையும் தொட்டு போச்சே, அந்த மழையில ஹால் சீலிங்ல கை அகலத்துக்கு ஓதம், சொட்டு சொட்டா சாமி படத்துக்கு பக்கத்துல. தை மாசம் ஒருத்தர் வந்து ரப்பர் மாதிரி ஒரு கோட்டிங் அடிச்சா பத்து வருஷம் பயமில்லன்னாரு, அடிச்சோம். ஏப்ரல்ல மாடி ஏறி பாத்தா அப்பளம் மாதிரி அங்கங்க உப்பி நிக்குது. ஒண்ண கத்தியால கீறினேன், உள்ள தட்டோடு ஈரமா இருக்கு, வெளிய 40 டிகிரி வெயில். தண்ணிய உள்ள வச்சு பூட்டியிருக்கோம். வார்னிஷ் அடிச்ச பானை, அதே கதை. அன்னிக்கு தான் பானை, செவுரு, மாடி மூணும் எனக்கு ஒண்ணா சேந்துச்சு. சுட்ட மண்ணு தண்ணி குடிக்கத்தான் செய்யும், வெளிய விட வழி குடுத்துட்டா ஒண்ணும் இல்ல, வழிய அடைச்சா அது வேற பக்கம் போகும், நம்ம சீலிங் பக்கம்.

2023ல மொத்தத்தையும் கொத்தி எடுத்துட்டு பேர்ணாம்பட்டு பக்கத்துலேர்ந்து ஒரு வயசான மேஸ்திரிய தேடி புடிச்சோம், கூட எட்டு பேர். பொதுப்பணித்துறையில ஒரு கணக்கு இருக்கு, 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு, அவரு அத கூடை கணக்குல வாய்ப்பாடா சொன்னாரு. ஜல்லிய நல்லா நனைச்சு, நீத்த சுண்ணாம்போட கலந்து குவிச்சு, தினம் புரட்டி விட்டாங்க. பொடி ஓடு இருந்தா குடும்மா, சுண்ணாம்போட நல்லா புடிக்கும்னாரு. அம்மா கொல்லையில அடுக்கி வச்ச நாட்டு ஓடு ரெண்டு ட்ராக்டர் வந்துச்சு. இடிச்சதுல பெருசு ஜல்லிக்கு, பொடி சுருக்கிக்கு, சுருக்கின்னா சுட்ட மண்ணு தூள். சுட்ட மண்ணு பொடி சுண்ணாம்போட சேந்தா தண்ணிக்குள்ளயே கூட இறுகும், அந்த காலத்து கிணறு, தொட்டி எல்லாம் அப்படி தான் நிக்குது. கடுக்காயும் வெல்லமும் தனித்தனி அண்டாவுல ஊறிச்சு, தெருவே ஒரு மாதிரி துவர்ப்பா மணத்துச்சு.

பரப்பினப்புறம் அஞ்சு பொம்பளைங்க வரிசையா குந்தி, கையில மரக்கட்டை, ஒருத்தங்க கடுக்காய் தண்ணி தெளிக்க தெளிக்க அடிக்கிறாங்க. மூணு நாள். மொத நாள் கட்டை விழுற சத்தம் சொத் சொத்துன்னு இருந்துச்சு, மூணாம் நாள் சாயங்காலம் டக் டக்குன்னு கட்டை தானா எகிறுது. மேஸ்திரி ஓரத்துல கை அகலத்துக்கு ஒரு குழி நோண்டி தண்ணி ஊத்திட்டு டீ குடிக்க போனாரு, வந்து பாத்தா தண்ணி அப்படியே நிக்குது, சரி ஓடு போடலாம்னாரு. வாட்டம் அஞ்சு அடிக்கு ஒரு இஞ்ச், குழாய் கிட்ட மூணு இஞ்ச் கனம், எதிர் மூலையில அஞ்சு இஞ்ச் வந்துச்சு. தட்டோட்ட ஒரு ராத்திரி ஊற வச்சு, சந்துல மட்டும் தண்ணி இறங்காத மருந்து கலந்த கலவை. பத்து நாள் ஈரச்சாக்கு போட்டு வச்சோம். கைப்பிடி சுவரும் தளமும் சேர்ற மூலைய சதுரமா விடாம உருட்டி மெழுகினாரு, ஒழுகுற வீட்டுல முக்கால்வாசி அந்த மூலையில தான் ஒழுகும்னு சொன்னாரு. செலவு? சிமெண்டுல போட்டதுக்கு ஒன்றரை மடங்கு ஆச்சு, பொய் சொல்ல மாட்டேன், கூலி தான் அதிகம். ஆனா ரெண்டு மழை பாத்தாச்சு, சீலிங் காய்ஞ்சு கிடக்கு, மத்தியானம் ஃபேன் போட்டா அடுப்பு காத்து வர்றது நின்னுபோச்சு. ஜல்லி பூரா ஓட்டை, ஓட்டை பூரா காத்து, சூடு சட்டுன்னு இறங்காது.

எங்க அம்மா மாடிக்கு வந்து பாத்துட்டு ஒண்ணும் பேசல, கால் செருப்ப கழட்டி ஓரமா வச்சுட்டு நடந்தாங்க. உங்க நைனா கைபட்ட ஓடுடின்னு கீழ இறங்கும்போது சொன்னாங்க.

பாத்ரூம் செவுத்துக்கு என்ன பண்ணேன்னு கேப்பீங்க. அந்த வெள்ளை மாவு எங்க போர் தண்ணியிலயும் மண்ணுலயும் இருக்குற உப்பு. குடியாத்தம் தண்ணி எவ்ளோ உப்புன்னு இங்க இருக்குறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. தண்ணி கல்லு வழியா ஏறி வெளிய வந்து ஆவியாகிடும், உப்பு மட்டும் நிக்கும், பானையில படியுற அதே உப்பு. மொதல்ல தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாத்தோம், கழிவுக்குழாய் ஜாயிண்ட் ஒண்ணு கசிஞ்சுகிட்டு இருந்துச்சு, அத மாத்தினோம். செவுத்தடியில மழை தண்ணி தேங்குற மாதிரி மண்ணு சரிஞ்சு இருந்துச்சு, வெளிப்பக்கம் வாட்டம் குடுத்தோம். அஸ்திவாரத்துக்கு மேல ஓதம் ஏறாம ஒரு பட்டை போடணும், எங்க மேஸ்திரி பாத்ரூமுக்கு எதுக்குன்னு விட்டுட்டாரு, அத இப்போ ஒண்ணும் பண்ண முடியாது, கட்டுறவங்க விட்டுடாதீங்க. அப்புறம் பெயிண்ட்டையும் சிமெண்ட் பூச்சையும் மூணு அடிக்கு கொத்தி எடுத்து, உப்ப காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி எடுத்தோம், தண்ணி ஊத்தி கழுவினா உப்பு திரும்ப உள்ள போயிடும். ஒரு கோடை முழுக்க செங்கல்லு தெரியுற மாதிரி அப்படியே விட்டோம், அக்கம்பக்கத்துல காசில்ல போலன்னு பேசிகிட்டாங்க, பேசட்டும். ஆவணியில சுண்ணாம்பும் மணலும் சுருக்கியும் கலந்து பூசி, மேல வெறும் வெள்ளை அடிச்சோம்.

இந்த ஆடியிலயும் கொஞ்சம் பூத்துச்சு, ஒரு முழம் அகலத்துக்கு, பூச்சு உதிரல, துடைப்பத்தால தட்டி விட்டேன். வேகாத கல்லு உள்ள இருக்குற வரைக்கும் அது இருக்கும். பானை தான் மாத்தணும், நம்ம தண்ணிக்கு ஒரு வருஷம் ஒன்றரை வருஷத்துல உப்பு ஓட்டைய அடைச்சுடுது, தேங்காய் நார் போட்டு தேய்ச்சு வெயில்ல வச்சா ரெண்டு மாசம் ஓடும், அப்புறம் செடி வைக்க தான். போன வாரம் கரிகிரிக்கு போன் பண்ணேன், பெரியவர் பேரன் எடுத்தான், தாத்தா நேத்து தான் சூளை மூட்டினாரு, ஆறி பிரிக்க மூணு நாள் ஆகும், வெள்ளிக்கிழமை வாங்க அத்தைன்னான்.